மாந்தோப்புப் புத்தும் வீட்டு வாசக்காலும்: ரெண்டுலயும் ஒரே கரையானா?

மாந்தோப்புக்காரன் | ஞாயிறு, இரவு 8.50

வணக்கம்ங்க. ஊரு காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். தாத்தா கட்டின ஓட்டு வீடு, பின்னாடி சமையக்கட்டு மட்டும் பத்து வருசம் முன்னாடி தளம் போட்டுக் கட்டினது. அந்தச் சமையக்கட்டு வாசக்கால்ல கரையான் ஏறிடுச்சு. வெளியில பெயின்ட் பளபளன்னு அப்படியே இருக்கு. கட்டை விரலால அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ள போச்சு.

வீட்டுல இருந்து அறுபது எழுபது அடி தள்ளி, மாந்தோப்பு ஓரத்துல ஒரு புத்து. என் நெஞ்சு உசரம். மருந்து அடிக்க வந்தவர் அதைப் பார்த்ததுமே, "இதாங்க தாய்வீடு. இதை இடிச்சு ராணியை எடுத்தாத்தான் வாசக்கால் தப்பும்"னாரு. அம்மா ஒத்துக்கல. ஆடி வெள்ளிக்கு மஞ்சள் பூசி பால் ஊத்துற புத்து அது. "என் கண்ணு மூடின பொறவு இடிச்சுக்கோ"ன்னுட்டாங்க.

புத்துல இருக்கறதும் வாசக்கால்ல இருக்கறதும் ஒண்ணுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? படம் பார்த்தே சொல்ல முடியுமா, டிஎன்ஏ பார்க்கணுமா? நாலு படம் போட்டிருக்கேன்.

பூச்சிலென்ஸ் | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, படம் தெளிவா எடுத்திருக்கீங்க. ஆனா நாலுலயும் இருக்கறது வேலைக்காரக் கரையான் மட்டும்தான். அதுங்க எல்லாமே வெள்ளைச் சோத்துப் பருக்கை மாதிரி இருக்கும். வாய்த்தாடையைப் பிரிச்சு, குடலை அறுத்துப் பார்த்தா ஓரளவு பேரினம் சொல்லலாம். அது ஆய்வகத்துல உட்கார்ந்து செய்யற வேலை, படத்துல ஆகாது.

கரையான்ல அடையாளம் சிப்பாய்கிட்டதான். தலை என்ன வடிவம், தாடை கத்தி மாதிரியா அரிவாள் மாதிரியா, தாடையில பல் இருக்கா, இருந்தா நுனியில இருந்து எவ்வளவு தள்ளி, நெத்தியில ஓட்டை இருக்கா, உணர்கொம்புல எத்தனை மணி. இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்காக ரூன்வாலும் சோட்டானியும் சேர்ந்து எழுதின முதல் தொகுதியும் (1989), சோட்டானி தனியா எழுதின ரெண்டாவது தொகுதியும் (1997) பெரும்பாலும் சிப்பாய்த் தலையை அளந்து அளந்து எழுதினதுதான். இந்தியாவுல சுமார் 300 இனம் இருக்கு. அதுல வீட்டையும் வெள்ளாமையையும் தொடறது கொஞ்சம்தான்.

சிப்பாய் பிடிக்கிற வழி: மண் குழாயை ஒரு அங்குலம் உடைங்க, கையை எடுத்துட்டு சும்மா இருங்க. ஓடறது வேலைக்காரன். உடைஞ்ச வாயில வந்து தலையை நீட்டி நிக்கறது சிப்பாய். தண்ணி தொட்ட பெயின்ட் பிரஷ்ஷால ஒத்தி எடுங்க. இடுக்கியால பிடிச்சா நசுங்கிடும். ரெண்டு இடத்துக்கும் தனித்தனி புட்டி, தனித்தனி பிரஷ். கலந்துட்டா அவ்வளவுதான்.

டிரில்_ஓசூர் | ஞாயிறு, இரவு 10.40

நான் பதினாலு வருசமா இந்த வேலையில இருக்கேன். எந்தக் கரையானா இருந்தா என்னங்க? செவுத்தோரம் துளை போடறோம், மருந்து ஊத்தறோம். குளோர்பைரிபாஸோ இமிடாகுளோபிரிடோ பெயர் கேட்டுட்டா கொல்லுது? கட்டின வீட்டுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 6313 மூணாம் பகுதி எப்படிச் செய்யணும்னு சொல்லுது, அதுப்படி செஞ்சா சரி. கஸ்டமர் லேட்டின் பேரு படிக்கறதுக்குள்ள கூரை விழுந்துடும்.

உளிச்சத்தம் | திங்கள், காலை 6.20

பாலக்கோட்டுல தச்சு வேலை. டிரில் அண்ணன் சொல்றதுல பாதி சரி. ஆனா நான் கழட்டின வாசக்கால்ல ரெண்டு விதமா தின்னிருக்கும். ஒண்ணுல தின்ன இடமெல்லாம் மண்ணை அடைச்சு வெச்சிருக்கும், கையில எடுத்தா செம்மண்ணா கொட்டும். இன்னொண்ணுல மெதுவான பாகத்தை மட்டும் தின்னுட்டு கெட்டியான வைரப் பாகத்தைத் தகடு தகடா விட்டிருக்கும், ஓரத்துல அட்டைப்பெட்டி மாதிரி ஒரு பழுப்புச் சக்கை. அந்த அட்டைச் சக்கை இருந்தா பக்கத்துல எங்கயோ தண்ணி கசியும். இது என் அனுபவம், பேரெல்லாம் தெரியாது. தம்பி, உங்க வாசக்கால் எப்படி இருக்கு?

பூச்சிலென்ஸ் | திங்கள், காலை 7.05

உளிச்சத்தம் அண்ணன் லென்ஸ் இல்லாமயே பேரினம் பிரிச்சிட்டாரு. மண் அடைக்கறது பெரும்பாலும் ஓடோன்டோடெர்மஸ் வகை. அட்டைச் சக்கை கட்டறது காப்டோடெர்மஸ், அதைக் கார்ட்டன் கூடுன்னு சொல்வாங்க. எச்சம், மரத்தூள், எச்சில் குழைச்சுக் கட்டறது. ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்.

டிரில் அண்ணா, மருந்து ஒண்ணா இருக்கலாம், ஊத்தற இடம் ஒண்ணில்லையே. ஓடோன்டோடெர்மஸுக்குத் தாய்க்கூடு மண்ணுல. காப்டோடெர்மஸ் ஈரம் கிடைச்சா செவுத்துக்குள்ள, மேல்தளத்துல கூட கிளைக்கூடு போட்டு, தரையைத் தொடாமயே பிழைக்கும். நீங்க அஸ்திவாரத்துல எத்தனை துளை போட்டாலும் மேல இருக்கறது மேலதான்.

டிரில்_ஓசூர் | திங்கள், காலை 9.30

மேல்தளத்துல நானும் பார்த்திருக்கேன், மறுக்கல. மூணாவது மாடியில கதவு போன வீடு ஒண்ணு உண்டு, லிப்ட் பக்கத்துச் செவுத்துல கூடு இருந்துச்சு. அப்பவே பேரு தெரிஞ்சிருந்தா ரெண்டு தடவை போய் வந்திருக்க வேணாம். சரி, பேசுங்க, கேட்டுக்கறேன்.

அரூர்_அக்கா | திங்கள், மதியம் 1.10

சாதிச் சான்றிதழ் மனுசனுக்கு வாங்கவே நாய் படாத பாடு. இப்ப கரையானுக்குமா! 😄

தம்பி, அம்மா சொல்றதைக் கேளு. எங்க ஆயா புத்தைப் பார்த்தே "இதுல பெரிய ஈசல் வரும், இதுல பொடி ஈசல்தான்"னு சொல்லும். மழை விட்ட சாயங்காலம் புத்து வாயில விளக்கு வெச்சு, பக்கத்துல குழி தோண்டித் துணி போட்டுப் பிடிப்போம். றெக்கை முறத்துல பொடைச்சுப் போயிடும். வறுத்து, பொரியோட உப்பு மிளகாப்பொடி போட்டா... சரி, தலைப்பை விட்டு நான் எங்கயோ போறேன்.

பூச்சிலென்ஸ் | திங்கள், மதியம் 1.45

போகலக்கா. ஈசலும் அடையாளம் காண உதவும். நெத்திக்கண் அளவு, றெக்கை நரம்பு, உடம்பு நீளம் எல்லாம் பார்ப்பாங்க. ஆயா பெரிசு பொடின்னு பிரிச்சதும் அதேதான். என்ன, ஈசல் வருசத்துல சில நாள்தான் வரும். சிப்பாய் எல்லா நாளும் இருக்கும்.

மாந்தோப்புக்காரன் | புதன், இரவு 9.20

லேட்டுக்கு மன்னிக்கணும், தோத்தாபுரி லோடு ஏத்திட்டு இருந்தோம். புத்துல சிப்பாய் கிடைச்சுது. நகைக்கடைக்காரர் லென்ஸ் கடன் வாங்கி, அதை போன் கேமரா மேல வெச்சு எடுத்தேன். தலை முட்டை வடிவம், காவி நிறம். தாடை அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கு. வலது தாடையில ஒரு பல் நல்லாத் தெரியுது.

வாசக்கால்ல மூணு இடத்துல உடைச்சுப் பார்த்துட்டேன், வேலைக்காரன்தான் கொட்டுது. சிப்பாயே காணோம். உளிச்சத்தம் அண்ணா, உள்ள மண் இல்ல. தகடு தகடாத்தான் இருக்கு.

பூச்சிலென்ஸ் | புதன், இரவு 10.00

வலதா? ஓடோன்டோடெர்மஸ்னா எடுப்பான பல் இடது தாடையிலதானே இருக்கணும். படத்துல மார்புக்குக் கீழ கால் ஆறும் தெளிவாத் தெரியுது பாருங்க. மல்லாக்கப் போட்டு எடுத்திருக்கீங்க. அதான் இடம் வலமாயிடுச்சு. புதுசா பார்க்கறவங்க எல்லாரும் இதுல ஒரு தடவை விழுவாங்க, நானும் விழுந்தவன்தான். கவுத்திப் போட்டு இன்னொண்ணு எடுங்க.

மாந்தோப்புக்காரன் | புதன், இரவு 10.35

அட ஆமாங்க! கவுத்திப் போட்டா இடதுல இருக்கு. பல் நுனியில இருந்து மூணுல ஒரு பங்கு தள்ளி இருக்கற மாதிரி தெரியுது.

பூச்சிலென்ஸ் | புதன், இரவு 11.10

அப்ப பேரினம் ஓடோன்டோடெர்மஸ். புத்துல தூண் வெச்ச மாதிரி மடிப்பு மடிப்பா செங்குத்தா இறங்குதே, அதைப் பார்த்தா ஓடோன்டோடெர்மஸ் ஒபீசஸ்னு சொல்லத் தோணும். 1842-ல ராம்பூர் விவரிச்ச இனம், நம்ம பக்கம் பொதுவானது. ஆனா நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ரெடிமான்னின்னு இன்னொண்ணு, வாலனென்சிஸ்னு இன்னொண்ணு, இதுங்களும் தெற்கே புத்து கட்டும். தலை அகலம், தாடை நீளம், பல் இருக்கற தூரம் எல்லாத்தையும் மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு வரைக்கும் அளக்கணும். ஒரே ஒரு சிப்பாய் போதாது, பத்தாவது வேணும். ஒரே கூட்டுலயே சிப்பாய்க்குச் சிப்பாய் அளவு மாறும், ஒரு இனத்தோட பெரிசு இன்னொரு இனத்தோட சிறிசு மேல போய் விழும். இந்த இடத்துலதான் டிஎன்ஏ கைகொடுக்கும்.

ஜீன்_எழுத்து | வியாழன், அதிகாலை 1.15

பென்னாகரத்துக்காரன், இப்ப பெங்களூர்ல ஆய்வு மாணவன். என் பூச்சி வேற, முறை ஒண்ணுதான், அதனால சொல்றேன்.

டிஎன்ஏ பார்கோடுன்னு சொல்றது மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கற சிஓ1 மரபணுவோட ஒரு துண்டு, 658 எழுத்து. அதைப் பெருக்கறதுக்கான முன்தொடர் (பிரைமர்) ஜோடியை 1994-ல ஃபோல்மர் குழு கொடுத்துச்சு. அந்தத் துண்டை வெச்சு விலங்குகளை அடையாளம் காணலாம்னு 2003-ல பால் ஹீபர்ட் குழு முன்வெச்சாங்க. கரையான்ல சிஓ2, 16எஸ்னு வேற ரெண்டு மரபணுவையும் கூட ரொம்ப நாளாப் படிக்கறாங்க.

ஆகற வேலை இவ்வளவுதான். பூச்சியோட காலையோ தலையையோ எடுத்து டிஎன்ஏ பிரிக்கறது. பீசிஆர்ல அந்தத் துண்டை மட்டும் கோடிக்கணக்கா நகல் எடுக்கறது. ஜெல்லுல ஓட்டிப் பட்டை வந்திருக்கான்னு பார்க்கறது. சாங்கர் முறையில எழுத்து படிக்கறது. வந்த எழுத்து வரிசையை, எல்லாரும் கண்டுபிடிச்ச வரிசையைச் சேர்த்து வெக்கற ஜென்பேங்க், போல்டு தளங்கள்ல போட்டு யாரோட ஒத்துப் போகுதுன்னு தேடறது.

வயித்தை எடுக்காதீங்க. கரையான் வயித்துக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு. பாக்டீரியா, காளான் தூள், அது தின்ன மரம். எல்லாத்தோட டிஎன்ஏவும் சேர்ந்து வந்து குழப்பும். காலு ரெண்டு போதும். மீதி உடம்பைச் சான்று மாதிரியா புட்டியில வெச்சிருங்க, தூக்கி எறிஞ்சிடாதீங்க.

ஊறப்போட ஆல்கஹால் 95 சதவீதத்துக்கு மேல இருக்கணும். பார்மலின் கூடவே கூடாது, டிஎன்ஏவைக் கெடுத்துடும். வடிவம் மட்டும் பார்க்கணும்னா 80 சதவீதம் போதும், உடம்பு விறைக்காம இருக்கும்.

அரூர்_அக்கா | வியாழன், காலை 7.30

95 சதவீதமா! தம்பி, போலீஸ் வாசல்ல வந்து நிக்கும் பாரு.

ஜீன்_எழுத்து | வியாழன், காலை 8.00

உண்மையிலேயே தொல்லைதான்க்கா. ஆய்வகத்துக்கே உரிமம் வேணும். வீட்டுல இருக்கறவங்க அவசரத்துக்கு எத்தனால் கலந்த சானிடைசர்ல போட்டு வெச்சுட்டு, சீக்கிரம் ஆய்வகத்துல கொடுத்து மாத்திக்கலாம். நான் அப்படி வந்த மாதிரியில இருந்து எழுத்து எடுத்திருக்கேன்.

பழைய_ஏடு | வியாழன், காலை 8.40

ஒரு சின்ன குறுக்கீடு. இந்தியக் கரையானைப் பத்தி அறிவியல் முறையில முதல்ல எழுதினது நம்ம தமிழ்நாட்டுல இருந்துதான். தரங்கம்பாடியில டேனிஷ்காரங்ககிட்ட மருத்துவரா இருந்த யோஹன் கெர்ஹார்ட் கோனிக், லின்னேயஸோட மாணவர். 1779-ல ஜெர்மன்ல எழுதினாரு. அப்ப "வெள்ளை எறும்பு"ன்னுதான் தலைப்பு. எறும்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு இப்பத் தெரியும். இது கரப்பான் வம்சம்னு 2007-ல டிஎன்ஏ வெச்சு உறுதியாக் காட்டி, பூச்சிகள்ல தனி வரிசை (ஆர்டர்)ங்கற பெருமையையே பிடுங்கிட்டாங்க. நம்ம ஆளுங்க சிதல், செல்லு, கரையான், ஈசல்னு சொன்னாங்களே தவிர, எறும்புன்னு சொல்லல. அந்த வகையில நாம தப்பிச்சோம்.

ஓசூர்_வாடகை | வியாழன், காலை 11.00

நடுவுல நுழையறேன். எங்க கட்டில் காலுக்குக் கீழ தினமும் பொடி கொட்டுது. மண்ணே இல்ல. இதுவும் கரையானா?

பூச்சிலென்ஸ் | வியாழன், காலை 11.20

பொடியைக் கையில தேய்ங்க. மாவு மாதிரி இருந்தா வண்டு உளுத்தது. கசகசா மாதிரி மணி மணியா இருந்து, லென்ஸ்ல ஒவ்வொண்ணும் ஆறு பட்டையா தெரிஞ்சா அது உலர்மரக் கரையான், கிரிப்டோடெர்மஸ் வகை. அதுக்கு மண்ணும் வேணாம், தண்ணியும் வேணாம், கட்டில் காலே ஊரு. தரையில துளை போட்டு மருந்து ஊத்தி ஒரு பிரயோசனமும் இல்ல.

ஓசூர்_வாடகை | வியாழன், மாலை 6.10

மாவுதாங்க. நன்றி. கட்டிலை ஓனர்கிட்டயே திருப்பிக் கொடுத்துடறேன்.

மாந்தோப்புக்காரன் | 16 நாள் கழித்து, சனி, இரவு 8.00

மறுபடியும் வந்துட்டேன், தலை சுத்துது. தெரிஞ்ச பையன் மூலமா ஒரு தனியார் ஆய்வகத்துக்கு ரெண்டு மாதிரி அனுப்பினேன். "அ" புத்து, "ஆ" வாசக்கால். ரெண்டுலயும் வேலைக்காரன் மட்டும். புத்துச் சிப்பாய் அஞ்சாறுதான் கிடைச்சுது, அதை அழிக்க மனசு வரல.

வந்த முடிவு: "ஆ" காப்டோடெர்மஸ் ஹைமியோட ஒத்துப்போகுதாம். சரி, தகடு தகடா இருந்ததுக்குப் பொருந்துது.

"அ" மைக்ரோடெர்மஸ் ஒபீசியாம்! 99 சதவீதத்துக்கு மேல ஒத்துமை. ஓடோன்டோடெர்மஸ்னு பூச்சிலென்ஸ் அண்ணன் சிப்பாயைப் பார்த்துச் சொன்னாரு. இப்ப யாரை நம்பறது? மிஷினையா, மனுசனையா?

டிரில்_ஓசூர் | சனி, இரவு 8.20

நான் சொல்லலாமா... வேணாம், சொல்லல.

ஜீன்_எழுத்து | சனி, இரவு 9.50

மொத சந்தேகம் ஆய்வகத்துல மாதிரி மாறிடுச்சான்னு. அந்த வரைபடக் கோப்பு கொடுத்தாங்களா? ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முகடு வரும். ஒரே இடத்துல ரெண்டு முகடு மேலமேல இருந்தா ரெண்டு பூச்சி கலந்திருக்குன்னு அர்த்தம். எழுத்தை புரதமா மாத்திப் பாருங்க, முதுகெலும்பில்லாத விலங்கோட மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டு அட்டவணை, அஞ்சாம் நம்பர். நடுவுல நிறுத்தக் குறி வந்தா அது நிஜ சிஓ1 இல்ல, உட்கருவுக்குள்ள போய் ஒட்டிக்கிட்ட பழைய போலி நகல்.

மாந்தோப்புக்காரன் | ஞாயிறு, காலை 10.30

கோப்பை அந்தப் பையன் பார்த்தான். முகடு எல்லாம் சுத்தமா ஒத்தையா இருக்காம். நிறுத்தக் குறியும் இல்லையாம். எழுத்து சரியாத்தான் வந்திருக்குன்றான்.

பூச்சிலென்ஸ் | ஞாயிறு, காலை 11.15

ஒரு கேள்வி. புத்துல வேலைக்காரனை எந்த இடத்துல எடுத்தீங்க? சிப்பாய் எடுத்த அதே பொந்துலயா? எல்லாம் ஒரே அளவா இருந்துச்சா?

மாந்தோப்புக்காரன் | ஞாயிறு, காலை 11.40

சிப்பாய் புத்தோட மேல் மடிப்புல. அம்மா பார்த்துட்டு இருந்ததால மறுநாள் வேலைக்காரனைப் பின்பக்கம், அடியில செவுரு மாதிரி கெட்டியா இருக்கற இடத்துல கொஞ்சூண்டு பேர்த்து எடுத்தேன். அதுங்க பொடிசா இருந்துச்சு. ஆனா ஓடோன்டோடெர்மஸ்ல வேலைக்காரனே பெரிசு, சிறிசுன்னு ரெண்டு அளவு இருக்கும்னு எங்கயோ படிச்சேன், அதனால சிறிசுன்னு நினைச்சுட்டேன்.

பூச்சிலென்ஸ் | ஞாயிறு, மதியம் 12.30

அதேதான். நீங்க படிச்சது நிஜம், அதுவே உங்களைக் கவுத்துடுச்சு.

புத்து கட்டினவன் ஒருத்தன், குடியிருக்கறவன் பல பேரு. மைக்ரோடெர்மஸ் ஒபீசி தனக்குன்னு புத்து எழுப்பாது. மண்ணுக்குள்ள சின்னச் சின்ன அறையா இருக்கும். ஓடோன்டோடெர்மஸ் புத்தோட கெட்டிச் செவுத்துக்குள்ள பொந்து போட்டு வாடகை கொடுக்காம இருக்கறதும் சகஜம். ரெண்டுமே காளான் வளர்க்கற கூட்டம்தான், ஆனா தோட்டம் தனித்தனி. நடுவுல இருக்கற மண் செவுரு ரொம்ப மெல்லிசு. நீங்க பேர்த்ததுல வாடகைக்காரன் வந்துட்டான். மூக்கு நீண்ட ட்ரைநெர்விடெர்மஸ் கூட இப்படி அடுத்தவன் புத்துல கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், மைக்ரோடெர்மஸுக்குச் சிப்பாய் ரொம்பக் கம்மி. பொடிசு. வேலைக்காரனை விடப் பெரிய ஆளா தெரியாது, தாடையில பல்லும் எடுப்பா இருக்காது. கூட்டத்துல ஒளிஞ்சிடும். அதனாலதான் உங்க கண்ணுக்குச் சிப்பாய்னா அந்தக் காவித் தலைக்காரன் மட்டும்தான் பட்டான்.

மிஷினும் பொய் சொல்லல, நானும் பொய் சொல்லல. ரெண்டு பேரும் வேற வேற பூச்சியைப் பத்திப் பேசினோம்.

உளிச்சத்தம் | ஞாயிறு, மதியம் 1.00

ஒரு வீட்டு ரேஷன் கார்டை எடுத்து அடுத்த வீட்டுக் கதவுல ஒட்டின கதை.

ஜீன்_எழுத்து | ஞாயிறு, மதியம் 2.20

இப்ப என் பக்கத்துல இருந்து ஒரு ஒப்புதல். நாங்க ஆய்வகத்துல இதைத்தான் பண்றோம். "கரையான், புத்து, கிருஷ்ணகிரி"ன்னு சீட்டு ஒட்டின புட்டி வரும். எழுத்து எடுப்போம், தேடுவோம், மேல வர்ற பேரை எழுதிடுவோம். அந்தப் பேரை ஜென்பேங்க்ல யாரு போட்டாங்க, எந்தச் சிப்பாயைப் பார்த்துப் போட்டாங்கன்னு கேக்க மாட்டோம். தப்பா பேர் வெச்ச வரிசை அங்க கொஞ்சநஞ்சம் இல்ல. ஒருத்தர் தப்பைப் பார்த்து அடுத்தவர் அதே பேர் வெப்பாரு, அவரைப் பார்த்து மூணாவது ஆளு. கடைசியில பத்து வரிசை ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லும்.

பேருங்க கூட நிலையா நிக்கறதில்ல. காப்டோடெர்மஸ்ல ஹாவிலாண்டின்னு உலகம் பூரா எழுதிட்டு இருந்தது கெஸ்ட்ராய்தான்னு 2003-ல சேர்த்துட்டாங்க. பழைய வரிசையில பழைய பேரே கிடக்கும். அதனால உங்க "ஆ" முடிவையும் கண்ணை மூடிட்டு எடுத்துக்காதீங்க. பேரினம் காப்டோடெர்மஸ், அதுல சந்தேகம் இல்ல. ஹைமிதானான்றதுக்குப் பட்டியல்ல மேல வந்த பத்து வரிசையும் என்ன பேர்ல இருக்குன்னு பாருங்க. இப்ப அந்தச் சிப்பாய்ல ஒண்ணோட காலை ஆய்வகத்துக்குக் கொடுங்க. தலை உங்ககிட்டயே இருக்கட்டும்.

டிரில்_ஓசூர் | ஞாயிறு, மாலை 5.00

சரி, வாசக்காலுக்கு வருவோம். எத்தனை பேர் வெச்சாலும் அதை இன்னும் தின்னுட்டுதானே இருக்கு? தம்பி, ஒரு யோசனை. சிப்பாய் கிடைக்கலன்னீங்க இல்ல? வாசக்கால் மேல் சட்டத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல ஸ்க்ரூடிரைவர் விட்டு, அந்த அட்டைச் சக்கையைக் கொஞ்சம் பெயர்த்துப் பாருங்க. கீழ உடைச்சா வேலைக்காரன்தான் வருவான், கூட்டுக்குப் பக்கத்துல போனாத்தான் சிப்பாய் வரும். காப்டோடெர்மஸ்னா நெத்தியில இருந்து பால் மாதிரி ஒரு சொட்டு விடும். அது நான் நூறு தடவை பார்த்தது. பேருதான் இன்னிக்குத் தெரிஞ்சுது.

பூச்சிலென்ஸ் | ஞாயிறு, மாலை 5.20

டிரில் அண்ணனுக்கு ஒரு சல்யூட். தலை பேரிக்காய் வடிவம், முன்நெத்தியில குழாய் மாதிரி ஓட்டை, தாடை பல்லே இல்லாத வாள். பார்த்தா மறக்காது.

மாந்தோப்புக்காரன் | செவ்வாய், இரவு 9.45

கிடைச்சுதுங்க! மேல் சட்டத்துக்குப் பின்னாடி உள்ளங்கை அகலத்துக்கு அட்டைச் சக்கை. பெயர்த்ததும் சிப்பாய் கும்பலா வந்துச்சு. பிரஷ்ஷைக் கடிச்சுது, கடிச்ச இடத்துல வெள்ளையா சொட்டு. பேரிக்காய்த் தலை, வாள் தாடை. படம் போட்டிருக்கேன், இந்தத் தடவை கவுத்திப் போட்டுத்தான்.

சக்கை கையில எடுத்தா ஈரம். ஏன் ஈரம்னு மேல ஏறிப் பார்த்தோம். சமையக்கட்டுத் தளத்து மேல சின்டெக்ஸ் டேங்க். அதுல இருந்து இறங்கற பைப்போட முட்டியில, செவுத்துக்குள்ள பூசி மறைச்ச இடத்துல கசிவு. பத்து வருசமா கசிஞ்சிருக்குமோ என்னமோ. உளிச்சத்தம் அண்ணா, நீங்க முதல் நாளே சொன்னது.

உளிச்சத்தம் | புதன், காலை 6.00

வாசக்காலை மாத்தும்போது பச்சை மரம் வெக்காதீங்க. காய்ஞ்ச வேங்கையா பாருங்க. செவுத்தைத் தொடற பக்கம் எல்லாரும் பெயின்ட் அடிக்காம விட்டுடுவாங்க, அந்தப் பக்கம்தான் முதல்ல மருந்து பூசணும்.

டிரில்_ஓசூர் | புதன், காலை 9.00

கசிவை அடைங்க, செவுரு காயட்டும். அந்த அட்டைக் கூட்டை முழுசா எடுத்துட்டு அந்த இடத்துல மருந்து கொடுக்கச் சொல்லுங்க. தரைக்கும் அதுக்கும் வழி இருக்கான்னு குழாய்த் தடத்தைப் பிடிச்சுப் பார்க்கணும், இருந்தா அங்கயும் துளை. புத்துப் பக்கம் யாரும் போக வேணாம்.

அரூர்_அக்கா | புதன், காலை 9.40

அம்மாவுக்கு நான் சொன்னேன்னு சொல்லு. அடுத்த மழைக்கு ஈசல் வந்தா எனக்கும் ஒரு படி.

பழைய_ஏடு | புதன், காலை 10.30

மாமரத்துல பட்டை மேல மண் பூச்சு இருந்தாலும் பதறாதீங்க. அடியில இருக்கறது பெரும்பாலும் செத்த பட்டையைத்தான் தின்னும். சுரண்டிட்டு உயிர்ப் பட்டை பச்சையா இருக்கான்னு மட்டும் பாருங்க. கன்னுகளைத்தான் கவனிக்கணும். சந்தேகம்னா பையூர் ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு கிளையோட போய்க் கேளுங்க.

ஜீன்_எழுத்து | புதன், இரவு 11.50

ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு. பார்கோடு ரெண்டு இடத்துலயும் ஒரே இனம்னு சொல்லியிருந்தாலும், ஒரே கூட்டம்னு ஆகியிருக்காது. பக்கத்துப் பக்கத்துப் புத்து ரெண்டும் ஒரே இனமா, வேற வேற ராணியா இருக்கலாம். அதைப் பிரிக்க மைக்ரோசாட்டிலைட் மாதிரி வேற குறிகள் வேணும், செலவும் அதிகம். உங்க விஷயத்துல இனமே வேறன்னு ஆனதால அந்தக் கேள்வி தானா செத்துப்போச்சு.

மாந்தோப்புக்காரன் | 23 நாள் கழித்து, வெள்ளி, இரவு 9.00

கடைசித் தகவல். புத்துச் சிப்பாயோட கால் போய் முடிவு வந்துடுச்சு. ஓடோன்டோடெர்மஸ்தான். ஆனா மேல வந்த வரிசைகள்ல பாதி ஒபீசஸ்னு இருக்கு, மீதி பேரே வெக்காம வெறும் "ஓடோன்டோடெர்மஸ் இனம்"னு கிடக்கு. பூச்சிலென்ஸ் அண்ணன் தலையை அளந்து பார்க்கறேன்னிருக்காரு, இன்னும் நாலஞ்சு சிப்பாய் பிடிச்சு அனுப்பறேன். வாசக்கால் மாத்தியாச்சு, பைப்பும் மாத்தியாச்சு. செவுரு இன்னும் காயல.

புட்டி மூணும் பிரிட்ஜுல, ஊறுகா பக்கத்துல இருக்கு. பேனாவுல சீட்டு எழுதி உள்ள போட்டேன், ஆல்கஹால்ல மை கரைஞ்சு எல்லாம் நீலமாயிடுச்சு. பென்சில்ல எழுதணுமாம். அம்மாதான் மறுபடி எழுதிக் கொடுத்தாங்க, எந்தப் புட்டி எந்தப் பொந்துன்னு என்னை விட அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. "புத்து, மேல் மடிப்பு." "புத்து, பின்பக்கம் அடி." "சமையக்கட்டு வாசக்கால், மேல் சட்டம்." தேதியும் போட்டு, மூணுலயும் கீழ "திங்கக் கூடாது"ன்னு எழுதியிருக்காங்க.